மேய்ச்சல் தரையில் புல் பிடிக்கவில்லையா? உரக்கடைக்குப் போகும் முன் ஒரு குழி வெட்டுங்கள்

பண்ருட்டிக்கு மேற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் மேட்டு நிலம் இருக்கிறது. முந்திரித் தோப்பாக இருந்த இடம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய காலையில் முக்கால்வாசி மரங்கள் சாய்ந்துவிட்டன, அதற்குப் பிறகு பாதி நிலத்தை ஆடுகளுக்கு மேய்ச்சலாக விட்டுவிட்டேன். மேய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, முதல் மூன்று வருடம் ஆடுகள் அங்கே போய் நடந்துவிட்டுத்தான் வந்தன. விதைத்த கொழுக்கட்டைப் புல் முளைக்கவில்லை, முளைத்தது நிற்கவில்லை.

அந்த மூன்று வருடத்தில் நான் செய்த தப்புகளும், மனைவி வீட்டாருக்கு உப்பனாற்றை ஒட்டி இருக்கும் தாழ்ந்த நிலத்திலும் விருத்தாசலம் பக்கம் மச்சானுடைய கரிசல் நிலத்திலும் பார்த்ததும்தான் இந்தப் பதிவுக்கு முதல். நான்காவதாக ஒரு மண்ணும் இதில் வரும். என் அக்கா மகன், திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்த பையன், இப்போது அரிசோனாவின் தென்கிழக்கில் வில்காக்ஸ் என்ற ஊர்ப் பக்கம் மேய்ச்சல் நிலங்களில் மண் குழி வெட்டிக் குறிப்பெடுக்கும் வேலையில் இருக்கிறான். பாலைவன ஓரம். ஆண்டு மழை 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான், நமக்குக் கடலூரில் ஒரு நல்ல ஐப்பசியில் கொட்டுவது அவ்வளவு இருக்கும். பக்கத்தில் சிரிகாவா என்று ஒரு மலைத்தொடர். சுமார் 2.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல், சூட்டிலேயே இறுகிப் பாறையானது அதில் நிறைய. அந்தப் பாறை உடைந்து, ஓடைகள் அடித்து வந்து மலையடிவாரத்தில் விசிறி மாதிரி பரப்பிய வண்டல்தான் அவன் தோண்டும் மண். அவன் குழியின் படத்தை அனுப்புவான், நான் என் குழியின் படத்தை அனுப்புவேன். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேரும் மண்ணைப் பற்றிப் பேசுவதைப் பார்த்து வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மேலே தெரியும் கோளாறு அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி இருக்கும், காரணம் வேறாக இருக்கும், ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் பணம் போனதுதான் மிச்சம். அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் நிலத்தில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் குழி வெட்டுவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: குழி

முழங்கால் ஆழம் போதும், முடிந்தால் இடுப்பு ஆழம். புல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, சொட்டையாக இருக்கும் இடத்தில் ஒன்று. இரண்டு வெட்டினால்தான் ஒப்பிட முடியும், ஒரே குழியை வைத்துக்கொண்டு ‘இது நல்ல மண்ணா?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மழை பெய்து நான்கைந்து நாள் கழித்து வெட்டுவது சுலபம், எந்த ஆழம் வரை ஈரம் போயிருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். மண்வெட்டி இழைத்த சுவரில் எல்லாமே ஒரே நிறமாகத்தான் தெரியும்.

கையில் வேண்டியவை: கடப்பாரை, அடியை வெட்டிய பெரிய பால் பவுடர் டின், இரண்டு கண்ணாடி டம்ளர், சமையல் வினிகர் ஒரு பாட்டில், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் ஒரு லிட்டர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். ஏன் போர் தண்ணீர் வேண்டாம் என்பது பின்னால் வரும்.

அறிகுறி: மழை பெய்கிறது, தண்ணீர் இறங்காமல் ஓடிவிடுகிறது

என் நிலத்தில் இருந்தது இதுதான். அரை மணி நேரம் கொட்டும், வரப்போரமாகச் சிவப்புத் தண்ணீர் ஓடும், மறுநாள் தோண்டினால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே மண் காய்ந்து கிடக்கும்.

டின்னை எடுங்கள். சொட்டை இடத்தில் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்கும்படி கட்டையை வைத்துத் தட்டி இறக்கி, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். அடுத்து, பக்கத்திலேயே மேலே இருக்கும் பொருக்கை ஒரு விரல் கனத்துக்குப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் அதே மாதிரி. பொருக்கோடு ஊற்றினால் இறங்காமல், பொருக்கை எடுத்த பிறகு விறுவிறுவென்று இறங்கினால் கோளாறு மேல் தோலில் மட்டும்தான். இரண்டிலும் நின்றால் கீழே ஏதோ இருக்கிறது: கெட்டித் தட்டு, இல்லை சோடியம். அடுத்த இரண்டு அறிகுறிகளைப் படியுங்கள்.

நம் செம்மண்ணில் பொருக்கு வருவதற்குக் காரணம், மண்ணைப் பிடித்து வைக்கிற மக்கு குறைவு, மழைத்துளியின் அடி பலம். வெறும் தரையில் துளி விழுந்து மண்கட்டியை உடைக்கிறது, உடைந்த பொடி துளைகளில் போய் உட்காருகிறது, வெயில் வந்ததும் இரும்புத் துரு கலந்த அந்தப் பொடி சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிவிடுகிறது. மண்ணை மூடுவதுதான் வைத்தியம். பதத்தில் ஒரு உழவு, ஏக்கருக்கு நான்கு டன் மட்கிய தொழுவுரம் அல்லது ஐந்து டன் மட்க வைத்த தென்னைநார்க் கழிவு. அவ்வளவு எருவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். வெளியூர் ஆட்டுக்காரர்களிடம் பேசி கோடையில் பத்து நாள் கிடை போட்டேன். ராத்திரி ராத்திரி பட்டியை இடம் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அந்த வருடம்தான் முதல் முறையாகப் புல் நின்றது. முந்திரிச் சருகைக் கூட்டி எரிக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டேன்.

சரி, அங்கே? அரிசோனாவில் மாப்பிள்ளையின் (அக்கா மகனை அப்படித்தான் கூப்பிடுவேன்) நிலத்திலும் பொருக்கு இருக்கிறது, ஆனால் அதைப் பெயர்த்துப் புரட்டினால் அடியில் ரொட்டியை அறுத்த மாதிரி குட்டிக் குட்டிக் குமிழ்த் துளைகள். மேலே சின்னச் சின்னக் கற்கள் நெருக்கமாகப் பதிந்து, தளம் போட்ட மாதிரி இருக்கும், அதற்குக் கீழே காற்று கொண்டுவந்த தூசி மண். நனையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழாகிறது, காய்ந்ததும் குமிழ் அப்படியே நிற்கிறது, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வருடக் கணக்கில் இப்படி. துளை இருக்கிறதே, தண்ணீர் இறங்குமே என்று நினைப்போம். ஒரு துளைக்கும் இன்னொன்றுக்கும் வழியே கிடையாது, அதனால் இறங்காது. அங்கே போய் ‘உழுதுவிடு’ என்று நான் ஒருமுறை சொன்னேன். சிரித்தான். ‘மாமா, இந்தக் கல் தளத்தைக் கலைத்தால் மண்ணே காற்றில் போய்விடும், அப்புறம் அள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது.’ 300 மில்லிமீட்டர் மழையில் மேல் தோல் கிழிந்தால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இங்கே உழவு மருந்து, அங்கே அதுவே நோய்.

மழை ஓட்டத்தோடு பள்ளமும் விழுகிறது என்றால் முதலில் மேட்டுப் பக்கத்திலிருந்து வரப்பு போட்டு வாருங்கள், பள்ளத்தின் வாயில் போய் மூட்டை அடுக்குவது கடைசி வேலை. புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் இருக்கும் செம்மண் மேடு 1968-இல் ஏறக்குறைய மொட்டையாக, ஓடைகள் அரித்துக் கிடந்த இடம்தான். மண் வரப்பும் மரமும்தான் அதை மாற்றியது. நம்புவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அறிகுறி: வெள்ளையாகப் படிந்திருக்கிறது

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். உப்பனாற்றை ஒட்டிய நிலத்தில் மாசி மாதம் மண் மேல் மாவு தூவியது போல வெள்ளை. ஒரு உரக்கடையில் ‘ஜிப்சம் போடுங்க, சரியாயிடும்’ என்றார்கள், இருபது மூட்டை இறக்கினோம், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. ஏனென்றால் வெள்ளையில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது உவர். சாதாரண உப்பு, பெரும்பாலும் கடல் தண்ணீரில் இருக்கும் அதே உப்புதான். வெயில் காலத்தில் நிலத்தடி ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. மண் பொலபொலவென்று, மிதித்தால் கால் லேசாக அமுங்கும். பெரியவர்கள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், தொழிற்சாலைப் பக்கத்து மண்ணில் அந்த வேலை வேண்டாம். மண் பரிசோதனை அட்டையில் மின்கடத்து திறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருக்கும், கார அமில நிலை (pH) 8.5-க்குள் இருக்கும்.

இரண்டாவது களர். இதில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே வெள்ளையோடு கறுப்பாக எண்ணெய் சிந்திய மாதிரித் திட்டும் இருக்கலாம், அது காரத்தில் கரைந்து வந்த மக்கு. நனைந்தால் சேறு வழுக்கும், காய்ந்தால் ஓடு மாதிரி ஆகும், தேங்கிய தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும், அப்படி ஒட்டியிருக்கும் சோடியம் (அட்டையில் ‘பரிமாற்ற சோடியம்’) 15 சதவீதத்துக்கு மேல்.

மூன்றாவது சுண்ணாம்பு. நம் ஊர் வழக்கில் சுக்கான். இது பெரும்பாலும் மேலே வராது, குழிக்குள் உருண்டையாகவோ பட்டையாகவோ தெரியும்.

பிரித்துப் பார்க்க இரண்டே சோதனை. வினிகரை வெள்ளை மேல் நான்கு சொட்டு விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு. வினிகர் மெதுவாகத்தான் வேலை செய்யும், காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் பளிச்சென்று தெரியும், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு, வெட்டவெளியில், ஒரே ஒரு சொட்டு. களர் மண்ணும் கொஞ்சம் நுரைக்கலாம், அதனால் நுரைத்தாலும் நுரைக்காவிட்டாலும் இரண்டாவது சோதனையையும் செய்துவிடுங்கள்.

கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்து, பேட்டரித் தண்ணீர் இருக்கும் டம்ளரில் மெதுவாக விடுங்கள். கலக்கக் கூடாது. அடுத்த நாள் காலையில் பாருங்கள். கட்டி உடைந்து அடியில் குவியலாகக் கிடக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றால் சோடியம் பெரிய தொல்லை இல்லை, மக்கு குறைவு அவ்வளவுதான். கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி புகைமூட்டம் பரவியிருந்தால் அது களர். போர் தண்ணீரில் செய்தால் அதில் இருக்கும் உப்பே துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், புகை வராது, களரை நல்ல மண் என்று நினைத்துவிடுவோம். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன்.

இப்போது வைத்தியம். களருக்குத்தான் ஜிப்சம். அதில் இருக்கும் கால்சியம் போய் சோடியத்தைத் துகளிலிருந்து தள்ளிவிடும், தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு வெளியே போக வேண்டும், அதற்கு வடிகால் வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டைக் கூட்டுவது மாதிரி. அளவை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டு, தண்ணீரைத் தேக்கி, வடித்துவிடுங்கள். அடுத்து தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள்.

உவருக்கு ஜிப்சம் வேண்டியதே இல்லை. நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நம் கடற்கரை ஊர்களில் வயலெல்லாம் கடல் தண்ணீர் நின்றது, இனி எதுவும் விளையாது என்று பயந்தோம், வடிகால் இருந்த பல வயல்களில் அடுத்தடுத்த மழைக்காலங்களே உப்பைக் கழுவிவிட்டன. எங்கள் உப்பனாற்று நிலத்தில் இருபது மூட்டைக்கு ஆன பணத்தில் ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டியிருக்கலாம். பிறகு வெட்டினோம். இரண்டு கார்த்திகை போன பிறகு அருகம்புல் தானாக வந்தது.

பாலைவனத்தில் கதை வேறு. மாப்பிள்ளை அனுப்பிய முதல் படமே இதுதான்: ஒன்றரை அடி ஆழத்தில் வெள்ளைப் பட்டை, ‘மாமா இது உப்பா?’ என்று. கீழே கிடக்கும் கூழாங்கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார் என்றேன். மேல் பக்கம் சுத்தமாக இருந்தது, அடிப்பக்கம் மட்டும் வெள்ளைப் பூச்சு. தண்ணீர் கல்லைச் சுற்றி வழிந்து அடியில் தொங்கி, அங்கேயே காய்ந்து, சுண்ணாம்பை விட்டுப் போயிருக்கிறது. ஆசிட் விட்டான், நுரைத்தது.

மழை குறைவான ஊரில் தண்ணீர் ஒரு ஆழம் வரைக்கும்தான் போகும், அதற்குள் வேர் குடித்துவிடும், கரைந்து வந்த சுண்ணாம்பு அந்த ஆழத்தில் தங்கிவிடும். அந்த வெள்ளைப் பட்டை இருக்கும் ஆழத்தைப் பார்த்தே அங்கே மழை எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொரு வேடிக்கை, அங்கே இருக்கும் எரிமலைப் பாறை வகையில் கால்சியம் ரொம்பக் குறைவு, அதனால் அவ்வளவு சுண்ணாம்புக்கும் பாறையைக் காரணம் சொல்ல முடியாது, பெரும்பகுதி காற்றில் வந்த தூசியும் மழையும் கொடுத்தது. நம் பண்ருட்டிச் செம்மண்ணில் வினிகரை எவ்வளவு ஊற்றினாலும் சத்தமே வராது. 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சுண்ணாம்பு எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் இங்கே மல்லாட்டையில் (வேர்க்கடலையில்) பொக்கு விழுகிறது, கால்சியம் போதவில்லை என்று நாற்பது நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். ஜிப்சத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை, இடம் தெரிந்து போட வேண்டும்.

உப்பு அங்கேயும் இருக்கிறது, ஆனால் மலையடியில் இல்லை. பள்ளத்தாக்கின் நடுவில் வில்காக்ஸ் பிளாயா என்று வறண்ட ஏரிப் படுகை ஒன்று. தண்ணீர் வெளியே போக வழி இல்லாத கிண்ணம் அது, வருவதெல்லாம் அங்கேயே ஆவியாகிறது, உப்பும் சோடியமும் அங்கே சேர்கிறது, காற்றடித்தால் புழுதிப் புயல். விசிறியின் தலையில் கல், நடுவில் பசலை, அடியில் களிமண், கிண்ணத்தில் உப்பு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடந்தால் மண் இந்த வரிசையில் மாறும். நம் ஊரிலும் கெடிலம் ஓரமாக மேட்டிலிருந்து முகத்துவாரம் வரை நடந்து பாருங்கள், கல்லைத் தவிர மற்ற வரிசை கிட்டத்தட்ட அப்படித்தான்.

அறிகுறி: ஒரு அடியில் கடப்பாரை ‘ணங்’ என்கிறது

வேரைப் பாருங்கள். நேராக இறங்கிய வேர் ஒரு ஆழத்தில் பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொண்டு ஓடுகிறது என்றால் தட்டு இருக்கிறது. எந்தத் தட்டு என்பதுதான் கேள்வி.

முக்கால் அடியில் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது டிராக்டர் போட்ட தட்டு, வருடா வருடம் ஒரே ஆழத்தில் உழுததால் வந்தது. ஊறவைத்தால் இளகும். உளிக்கலப்பையை ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, மண் காய்ந்திருக்கும்போது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை விட்டால் போதும். ஈரத்தில் விட்டால் உடைக்காது, கத்தி வெண்ணெயில் போன மாதிரிப் போய்விடும்.

சிவப்பும் மஞ்சளுமாக, துருப்பிடித்த இரும்பு மாதிரிக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது செம்புறைக்கல். இதை உடைக்கும் செலவுக்கு ஆடு வாங்கிவிடலாம். குழிக்குக் குழி பாரையால் உடைத்து மரம் வைக்கலாம், புல்லுக்கு மேலே இருக்கும் மண்ணே போதும்.

வெள்ளையாக இருந்து, வினிகருக்கு நுரைத்தால் சுக்கான். வெளிர் நிறத்தில், நுரைக்காமலும், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறியும் உடையாமலும் இருந்தால்? இது நம் நிலத்தில் வராது, எரிமலை வண்டலில் வரும். எரிமலைச் சாம்பலில் இருக்கும் கண்ணாடி மாதிரிப் பொருள் சுலபமாகக் கரையும், கரைந்த சிலிக்கா கீழே போய் மண்ணை ஒட்டிப் பாறையாக்கிவிடும். நெவாடா மாநிலத்து மேய்ச்சல் நிலங்களில் இது சகஜம். சிலிக்கா அப்படியெல்லாம் செய்யுமா என்று சந்தேகம் இருந்தால் புதுச்சேரியிலிருந்து திருவக்கரை வரை ஒரு நடை போய்வாருங்கள். அங்கே கிடக்கும் கல்மரங்கள் சிலிக்கா புகுந்து கல்லான மரங்கள்தான், சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழையவை. அவை கிடக்கும் பாறைக்கு நம் ஊர்ப் பெயர்தான், கடலூர் மணற்கல். என் மூன்று ஏக்கரும் அதே மணற்கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அறிகுறி: கோடையில் வெடிப்பு, வேலிக்கல் சாய்கிறது

மச்சான் நிலத்துக் கரிசல். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும் களிமண் வகை. வேலிக்கல்லை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும். கல்லை நட்டவரைத் திட்டாதீர்கள். இரண்டரை அடிக்கு நட்டு, சுற்றிலும் மணலும் சரளையும் போட்டால் கொஞ்சம் நிற்கும்.

வெடிப்பு கோளாறே இல்லை என்பது என் கட்சி. முதல் மழை வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போகிறது, மேல் மண் வெடிப்புக்குள் விழுந்து தானே புரண்டுகொள்கிறது. செய்ய வேண்டியது இரண்டுதான்: ஈரத்தில் ஆடு மாட்டை விடாதீர்கள், குளம்பு பட்ட இடம் காய்ந்ததும் கல்லாகிவிடும். புல் விதையை வெடிப்பு மூடிய பிறகு விதையுங்கள், முன்னால் விதைத்தால் பாதி பாதாளத்துக்குப் போய்விடும்.

தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் பிறந்தது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். விருத்தாசலத்துக் கரிசலுக்கும் அந்தப் பாறைக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் வெடிக்க வைக்கும் களிமண் ஒரே வகைதான். மாப்பிள்ளையின் விசிறியிலும் அரை அடிக்குக் கீழே செக்கச்செவேலென்று களிமண் பட்டை வருகிறது. இவ்வளவு வறட்சியில் எப்படி இத்தனை களிமண் இறங்கியது என்று கேட்டேன். பனியுகக் காலத்தில் அங்கே இப்போதைவிட ஈரம் அதிகமாம், பல்லாயிரம் ஆண்டுகள் அந்த ஈரம் செய்த வேலை. விசிறியில் எந்தப் பகுதி அதிகம் சிவந்திருக்கிறதோ அது வயதில் மூத்தது என்பது அவர்கள் கணக்கு.

அறிகுறி: பசுந்தீவனம் மஞ்சளாகிறது

கீழ் இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து இல்லை. எரு போடுங்கள். இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), பத்து கிராம் சிட்ரிக் அமிலம், சாயங்காலத்தில் தெளியுங்கள், பத்து நாளில் இன்னொரு முறை. தெளித்த தீவனத்தைச் சில நாளாவது அறுக்காதீர்கள். மொத்தமும் மஞ்சளாகி, குழியில் சாம்பல் நிறமும் அழுகிய வாடையும் வந்தால் தண்ணீர் தேங்குகிறது, மருந்துக்கடைக்குப் போக வேண்டாம், வாய்க்காலுக்குப் போங்கள்.

அறிகுறி: முள் மட்டும் வளர்கிறது, புல் வரவே இல்லை

சீமைக் கருவேலத்தின் சொந்தக்காரர்கள் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் ஊரில் அதன் பங்காளி ஒன்று அந்த மண்ணுக்கே உரியது, அங்கேயும் புல்வெளிக்குள் புகுந்து ஆட்டம் போடுகிறது. பழிவாங்குவது மாதிரி நம் கொழுக்கட்டைப் புல் அங்கே போய்க் களையாகி, தீப்பிடித்தால் பரவ வைக்கிறது என்று அவர்கள் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் விதை வாங்கி விதைப்பதை அவன் பிடுங்குகிறான்.

முள் வளர்ந்து புல் வராத இடத்தில் இரண்டைப் பாருங்கள். மேல் மண் மணலாக இருந்தால் தண்ணீர் புல் வேருக்கு நிற்காமல் ஆழத்துக்குப் போய்விடும், ஆழ வேர் உள்ள முள்ளுக்குக் கொண்டாட்டம். அரை அடி ஒரு அடியில் களிமண் பட்டை இருந்தால் அது தண்ணீரைப் பிடித்துப் புல்லுக்குக் கொடுக்கும், அந்த இடத்தில் புல்லை மறுபடி கொண்டுவர முடியும். இரண்டாவது, எத்தனை ஆடு. தென் அரிசோனாவில் 1880-களில் மாடுகளை அளவில்லாமல் விட்டார்கள், 1891 முதல் 1893 வரை வறட்சி வந்தது, மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, புல்லும் போனது. புல் எப்படித் திரும்பும் என்று பார்ப்பதற்காகவே 1903-இல் சாண்டா ரீட்டா என்ற இடத்தில் மேய்ச்சல் ஆராய்ச்சி நிலம் ஒதுக்கினார்கள், இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நிலத்தை நான்காகப் பிரித்து, வலையடித்து, ஒரு பங்கில் பத்து நாள் மட்டும் மேய்க்கிறேன். மற்ற மூன்றும் மூச்சு வாங்கும். முள்ளை வெட்டுவதென்றால் வேரோடு எடுங்கள், கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும்.

அறிகுறி: ஊற்றியது ஊற்றியபடி உறிஞ்சிக்கொள்கிறது

தாழங்குடா, பரங்கிப்பேட்டைப் பக்கத்து மணல். ஏரி வண்டல் அடியுங்கள், உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். வண்டலை எடுக்கும் முன் அதையும் டம்ளரில் போட்டுப் பார்த்துவிடுங்கள், களர் வண்டலைக் காசு கொடுத்து ஏற்றி வந்தவர்கள் உண்டு.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

பரிசோதனைக்கு அனுப்புங்கள், ஆனால் மாதிரியை ஒழுங்காக எடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்போரம், மர நிழல், ஆடு படுக்கும் இடம், இவை வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு ஆங்கில ‘வி’ வடிவத்தில் அரை அடி வெட்டி, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்துங்கள். நல்ல இடத்து மண்ணும் சொட்டை இடத்து மண்ணும் தனித்தனிப் பையில். உரப்பையில் போடாதீர்கள், ஒட்டியிருக்கும் உரம் கணக்கைக் கெடுக்கும். விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாப்பேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. போகும்போது குழியின் படத்தையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள், அட்டையில் வரும் எண்களை வைத்து அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே கீழே என்ன இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும்.